வாசகர் கேள்வி–பதில்: வெளிநாட்டு காபிக் கடையில் ஹலால் பார்ப்பது எப்படி?

ஊர் பெயரைப் போட்டுத் தேடினால் ஹலால் உணவகம் எங்கே இருக்கிறது என்று இன்று கைப்பேசியே சொல்லிவிடும். பயணிகள் தடுமாறுவது காபிக் கடைகளில்தான். ரயிலுக்குக் காத்திருக்கும் அரை மணி நேரத்தில், கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் கேக்கைக் காட்டி "இது ஹலாலா?" என்று கேட்டால், கவுண்டரில் நிற்பவருக்குப் பெரும்பாலும் பதில் தெரியாது. சில இடங்களில் மரியாதைக்காக "ஆம்" என்றும் சொல்லிவிடுவார்கள். பன்றிக்கொழுப்பு சேர்ந்ததா, ஜெலட்டின் (விலங்கின் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் கூழ்ப்பொருள்) உண்டா, ரம் ஊற்றியதா என்று பொருளின் பெயரைச் சொல்லிக் கேட்டால் அவருக்குத் தெரியும்; தெரியாவிட்டால் பெட்டியை எடுத்துப் பார்த்துச் சொல்வார். இந்த இதழில் வரும் பதில்கள் எல்லாம் இப்படிக் கேட்பதற்கான உதவிதான்.

கேள்வி: தோல் கண்காட்சிக்காக மிலான் போகிறேன். காலையில் ஒரு காபி, ஒரு பன் கிடைத்தால் போதும். ஆனால் கடைகளில் எல்லாம் 'பார்' என்று பலகை இருக்கிறதாமே?
– வாசகர், வாணியம்பாடி

இத்தாலியில் 'பார்' என்பது காபிக் கடைதான். அலமாரியில் மதுப் புட்டிகளும் இருக்கும், ஆனால் காலை நேரத்தில் எல்லோரும் நின்றபடி காபி குடித்துவிட்டுப் போவார்கள். மது விற்கும் இடத்தில் நிற்க விருப்பமில்லை என்றால் 'தா போர்த்தாரே வீயா' என்று சொல்லுங்கள், பார்சலாகக் கொடுப்பார்கள்.

எஸ்பிரெசோ, மாக்கியாத்தோ, காப்புச்சினோ, கொக்கோ தூவிய மரோக்கினோ, கெட்டியான சூடான சாக்லேட் 'சொக்கொலாத்தா கால்தா' ஆகியவற்றில் பால், காபி, கொக்கோ, சர்க்கரை, மாவுச்சத்து தவிர வேறெதுவும் வழக்கமாக இருக்காது. தவிர்க்க வேண்டியது 'கஃபே கொர்ரெத்தோ'. எஸ்பிரெசோவில் கிராப்பா அல்லது சாம்புகா என்ற மதுவை ஊற்றித் தருவதற்கு அதுதான் பெயர். ஐஸ் போட்டுக் குலுக்கித் தரும் 'ஷேக்கராத்தோ'வில் சிலர் மதுச்சாறு சேர்ப்பார்கள். சேர்க்காத கடையிலும் அதே ஷேக்கர்தான் மாலையில் காக்டெயிலுக்குப் போகும். 'சென்ஸா ஆல்கோல்' என்று சொல்லி, ஷேக்கரைக் கழுவித் தரச் சொல்லுங்கள். கேட்கத் தயக்கமாக இருந்தால் சூடான காபியோடு நின்றுகொள்வது நல்லது. மலைப்பக்கம் போனால் 'பொம்பர்தீனோ' என்று மஞ்சள் நிறத்தில் நுரையோடு ஒன்று வரும். அதன் அடிப்படையே முட்டை சேர்த்த மது.

பன் விஷயத்தில் கேள்வி கூடும். காலைப் பன்னான 'கொர்னெத்தோ' பெரும்பாலும் வெண்ணெயில் அல்லது மார்கரினில் செய்யப்படும். ஆனாலும் 'ஸ்த்ருத்தோ' என்ற சொல்லை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். பன்றிக்கொழுப்புக்கு அங்கே அதுதான் பெயர். மெல்லிய ரொட்டியான பியாதீனா, நேப்பிள்ஸ் பக்கத்து ஸ்ஃபோல்யாதெல்லா, சில வகை ஃபொக்காச்சா ஆகியவற்றில் அது சாதாரணமாகச் சேரும். சிசிலியின் கன்னோலி ஓட்டில் ஸ்த்ருத்தோவோடு மார்சாலா மதுவும் சேர்வதுண்டு. பியாதீனாவை ஆலிவ் எண்ணெயில் செய்யும் கடைகளும் இருக்கின்றன, கேட்டால் சொல்வார்கள்.

தீரமிசு என்ற காபி கேக் அநேகமாக மார்சாலா அல்லது ரம் சேர்ந்தது. அதில் உள்ள மஸ்கர்ப்போனே சீஸை அமிலத்தால் திரிக்கிறார்கள், சிக்கல் மதுவில்தான். 'பபா' கேக் ரம்மில் ஊறியே வரும். பன்னா கோத்தா என்ற கிரீம் இனிப்பில் பலர் ஏமாறுவார்கள்: சேர்மானத்தில் 'கோல்லா தி பேஷே' என்று எழுதியிருக்கும். பெயரில் மீன் இருக்கிறது, ஆனால் அந்தப் பெயரில் இன்று கடையில் விற்பது பெரும்பாலும் பன்றி ஜெலட்டின் தாள்.

ஐஸ்கிரீமில் மாலகா, ஸபையோனே, ஸுப்பா இங்க்லேஸே மூன்றும் மதுச் சுவைகள். பிஸ்தா, ஹேசல்நட், பால் சுவையான ஃபியோர் தி லாத்தே ஆகியவற்றை எடுக்கலாம். கடையிலேயே செய்பவர்கள் சேர்மானப் பட்டியலை ஒரு கோப்பாக வைத்திருப்பார்கள். 'இங்க்ரெதியென்தி' என்று சொல்லிக் கைகாட்டினால் எடுத்துத் தருவார்கள். எலுமிச்சை சொர்பெத்தோவுக்குள் மதுவைக் கலந்து 'ஸ்க்ரொப்பீனோ' என்று தருவது தனி. தம்ளரில் வந்தால் சந்தேகப்படுங்கள், கூம்பில் வந்தால் அது வெறும் ஐஸ்.

தக்காளி–மொஸ்ஸரெல்லா சாண்ட்விச் வாங்கினால் சூடு பண்ணித் தர வேண்டாம் என்று சொல்லுங்கள். அதை அழுத்திச் சூடாக்கும் இரும்புத் தட்டில்தான் சற்று முன்னால் பன்றித் தொடைக்கறி வைத்த சாண்ட்விச்சும் வெந்திருக்கும். பேக்கிங் தாளில் சுற்றிச் சூடாக்கும்படி கேட்டாலும் செய்வார்கள். பார்மிஜானோ, கிரானா படானோ என்ற சீஸ்கள் இரண்டும் கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னட்டால் உறைந்தவை. இமாம் அபூஹனீஃபாவின் கருத்துப்படி அந்த ரென்னட் ஆகுமானது. ஷாஃபிஈ மத்ஹபில் முறைப்படி அறுத்த, பால் மட்டுமே குடித்த கன்றிலிருந்து வந்திருக்க வேண்டும். உங்கள் ஊர் ஆலிமிடம் கிளம்புவதற்கு முன்பே கேட்டு ஒரு முடிவோடு போங்கள். கவுண்டரில் நின்று யோசிக்கிற விஷயம் அல்ல அது.

கேள்வி: மாணிக்கக்கல் வியாபாரத்துக்காக ஜப்பான் போய் வருகிறோம். அங்கே பாக்கெட்டில் ஒவ்வாமைப் பட்டியல் போடுகிறார்களே, அதில் பன்றி இல்லையென்றால் சாப்பிடலாமா?
– வாசகர், பேருவளை

அந்தப் பட்டியல் மிக உதவியானது, ஆனால் அதை மட்டும் நம்பக் கூடாது. ஐரோப்பாவின் ஒவ்வாமைப் பட்டியலில் உள்ள 14 பொருள்களில் பன்றியும் இல்லை, ஜெலட்டினும் இல்லை. ஜப்பான் பட்டியலில் பன்றி இறைச்சி, மாட்டிறைச்சி, கோழி, ஜெலட்டின் நான்கும் இருக்கின்றன. இந்த வகையில் ஜப்பான் நமக்கு வசதியான நாடு.

ஆனால் அந்த நான்கும் 'எழுதினால் நல்லது' என்ற பரிந்துரைப் பிரிவில் இருப்பவை. முட்டை, பால், கோதுமை, இறால் போல எழுதியே ஆக வேண்டியவை அல்ல. அதனால் 'பன்றி' என்று எழுதியிருந்தால் உறுதியாக வேண்டாம். எழுதாமல் இருந்தால் அடுத்த கேள்விக்குப் போக வேண்டும். மேலும் இந்தச் சட்டம் அடைத்து விற்கும் பொருளுக்கானது. தட்டில் வைத்துத் தரும் கஃபேக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. பெரிய சங்கிலிக் கடைகள் பல தாமாகவே இணையத்தில் அட்டவணை வைத்திருக்கின்றன. மது எந்தப் பட்டியலிலும் வராது.

அடுத்துப் பார்க்க வேண்டியவை இவை. 'ராடோ' பன்றிக்கொழுப்பு. 'ஷோட்டோனிங்கு' என்பது ஷார்ட்டனிங், அதாவது பேக்கரியில் சேர்க்கும் கெட்டிக் கொழுப்பு. தாவரமா விலங்கா என்று எழுதியிருக்காது. 'நியூகாஸாய்' என்பது எண்ணெயும் நீரும் பிரியாமலிருக்கச் சேர்க்கும் எமல்சிஃபையர், அதுவும் அப்படித்தான். கேக் பெட்டிகளில் 'யோஷு' என்று இருந்தால் ரம், பிராந்தி போன்ற மேல்நாட்டு மது சேர்ந்தது. 'ஷுசெய்' என்பது சோயா சாஸிலும் மீசோ என்ற சோயா விழுதிலும் கெடாமலிருக்கச் சேர்க்கும் ஆல்கஹால். 'மிரின்' சமையலுக்கான அரிசி மது. அதில் ஆல்கஹால் ஏறத்தாழ 14 சதவீதம். இந்தச் சொற்கள் பாக்கெட்டில் ஜப்பானிய எழுத்தில்தான் இருக்கும். ஒவ்வொன்றின் எழுத்தையும் பெரிதாகப் படமெடுத்துக் கைப்பேசியில் ஒரு தனி ஆல்பமாக வைத்துக்கொண்டு, பாக்கெட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கேமராவை நீட்டி மொழிபெயர்க்கும் செயலி வளைந்த பையிலும் பளபளக்கும் தாளிலும் தவறாகப் படிக்கும். முதலில் மேலோட்டமாக வடிகட்ட மட்டும் அதைப் பயன்படுத்துங்கள். எமல்சிஃபையர் எதிலிருந்து வந்தது என்று உறுதி வேண்டுமானால் பாக்கெட்டில் தயாரிப்பாளரின் வாடிக்கையாளர் எண் இருக்கும். உங்கள் ஓட்டல் வரவேற்பறையில் கேட்டால் பேசிச் சொல்வார்கள்.

கஃபேயில் கறுப்புக் காபி, பால் காபி, மாச்சா லாத்தே எடுக்கலாம். 'காபி ஜெல்லி'யை ஜெலட்டினிலும் செய்வார்கள், கடற்பாசியான கான்டெனிலும் செய்வார்கள், கேட்காமல் எடுக்காதீர்கள். மோன்பிளான் கேக்கில் ரம் வருவது சாதாரணம், சவரான் ரம்மில் ஊறியது. ஜப்பானிய இனிப்புகளில் யோக்கான் நம்பிக்கையானது: சிவப்புப் பயறு, சர்க்கரை, கான்டென், அவ்வளவுதான். நடுவில் பயறு வைத்த டொராயாக்கி பார்வைக்கு அப்பாவியாக இருக்கும், ஆனால் மாவில் மிரின் சேர்ப்பதுண்டு. 'அமாசாக்கே' என்ற இனிப்புப் பானம் இரண்டு வகை. அரிசிக் கோஜியில் (பூஞ்சை வளர்த்துப் பதப்படுத்திய அரிசியில்) செய்தது மதுவற்றது. சாக்கே என்ற அரிசி மது வடித்த சக்கையில் செய்ததில் மது இருக்கும். பாட்டிலைப் பார்த்து முதல் வகையை மட்டும் எடுங்கள்.

கறி பான், அதாவது மசாலா அடைத்துப் பொரித்த ரொட்டி வேண்டாம். உள்ளே இருக்கும் கறி பெரும்பாலும் மாடு அல்லது பன்றி. மாடு என்றாலும் நம் அறுப்பு அல்ல, பொரிக்கும் எண்ணெயும் பொது.

கேள்வி: ஹாங்காங்கில் என் கணவரோடு சேரப் போகிறேன். அங்கே தேநீர்க் கடைகளில் எதை வாங்கலாம்? பப்பிள் டீ குடிக்கலாமா?
– வாசகி, காயல்பட்டினம்

பப்பிள் டீயின் கறுப்பு உருண்டைகள் மரவள்ளி மாவு. அவற்றில் பிரச்சினை இல்லை. வாயில் உடையும் பழ உருண்டைகளின் தோல் கடற்பாசிப் பொருளில் செய்யப்படுவது. 'புட்டிங்' என்று சேர்ப்பதில் ஜெலட்டின் இருக்கலாம், அதை விட்டுவிட்டுக் கேளுங்கள்.

உள்ளூர் தேநீர்க் கடைகளில் பால் தேநீரும், காபியும் தேநீரும் கலந்த யுன்யேங்கும் எடுக்கலாம். பலகாரத்தில்தான் கவனம் வேண்டும். முட்டை டார்ட்டின் அடுக்கு ஓட்டை மரபாகப் பன்றிக்கொழுப்பில் செய்வார்கள். அன்னாசி பன்னின் மேல் மொறுமொறுப்பிலும் அது வருவதுண்டு. காலை மக்கரோனி சூப்பில் பன்றித் தொடைக்கறி மிதக்கும். எடுத்துவிட்டுத் தருகிறேன் என்றாலும் சாறு அதே சாறுதான். மனசு நிறையச் சாப்பிட வான்சாய்க்குப் போங்கள். அங்குள்ள அம்மார் பள்ளிவாசல் கட்டடத்தின் 5-ஆம் மாடி கேன்டீனில் ஹலால் டிம் சம் (சீனச் சிற்றுண்டிகள்) கிடைக்கும்.

கேள்வி: மகன் இங்கிலாந்தில் படிக்கிறான். 'வீகன்' முத்திரை இருந்தால் போதும் என்கிறான். சரியா?
– வாசகி, மேலப்பாளையம்

பாதி சரி. வீகன் முத்திரை இருந்தால் இறைச்சி, பன்றிக்கொழுப்பு, ஜெலட்டின், பூச்சியிலிருந்து எடுக்கும் சிவப்பு நிறமான இ120, விலங்கு ரென்னட் எதுவும் அதில் இல்லை. மது மட்டும் இருக்கலாம். ரம் ஊற்றிய வீகன் கேக்கும் வீகன்தான். யூதர்களின் உணவு விதிப்படியான கோஷர் முத்திரையும் அப்படியே: பன்றி இருக்காது, கோஷர் ஒயின் இருக்கலாம்.

இங்கிலாந்தில் அவனுக்கு ஒரு நல்ல சட்டம் துணையாக இருக்கிறது. 2021 அக்டோபர் முதல், கடையிலேயே தயாரித்து முன்கூட்டியே சுற்றி வைத்து விற்கும் சாண்ட்விச், சாலட் போன்றவற்றில் முழுச் சேர்மானப் பட்டியல் ஒட்ட வேண்டும். அதனால் சுற்றி வைத்ததை எடுப்பதே நல்லது. ஆர்டர் கொடுத்த பின் செய்து தருவதற்கு ஒவ்வாமைத் தகவல் மட்டுமே கிடைக்கும். 'சைவர்களுக்கு ஏற்றது' என்று குறித்த செடார் சீஸில் விலங்கு ரென்னட் இல்லை.

சூடான சாக்லேட் வாங்கும்போது மேலே தூவும் மார்ஷ்மெல்லோவை வேண்டாம் என்று சொல்லச் சொல்லுங்கள். அதில் உள்ளது பெரும்பாலும் பன்றி ஜெலட்டின், சூட்டில் கரைந்து பானத்தோடு கலந்துவிடும். கிறிஸ்துமஸ் நேரத்து மின்ஸ் பையில் இறைச்சி இருக்காது. ஆனால் பெரும்பாலும் பிராந்தியும், சில சமயம் மாட்டின் கொழுப்பும் இருக்கும். டிரைஃபிள் என்ற இனிப்பில் ஷெர்ரி மது, ஜெல்லி இரண்டுமே உண்டு. வெண்ணெயில் செய்த ஸ்கோனும் ஜாமும் எடுக்கலாம்.

கோழி ஹலால் என்று பலகை வைத்த கடையில், சுவரில் உள்ள சான்றிதழைப் படிக்கச் சொல்லுங்கள். கடையின் பெயரும் முகவரியும் அதில் இருக்கிறதா, காலாவதி தேதி தாண்டிவிட்டதா, சான்று கடைக்கா அல்லது கோழி சப்ளை செய்பவருக்கா என்ற மூன்றும் முக்கியம். சப்ளையருக்கு மட்டும் சான்று இருந்து, அதே தட்டில் பன்றி பேக்கனும் வேகும் கடைகள் உண்டு. அங்கே ஹலால் சான்று தரும் அமைப்புகளில் ஹெச்.எம்.சி.யின் முத்திரை மயக்கமூட்டாமல் அறுத்ததற்கு மட்டும் தரப்படுவது; ஹெச்.எஃப்.ஏ. சில வகை மயக்கமூட்டலை ஏற்கிறது. எது உங்கள் வீட்டு வழக்கம் என்று மகனிடம் பேசி வையுங்கள்.

கேள்வி: வெனிலா சிரப், வெனிலா கேக் இவற்றில் ஆல்கஹால் இருக்கிறதாம். அடுப்பில் வைத்தால் ஆவியாகிவிடும் என்றும் சொல்கிறார்கள்.
– வாசகர், திருச்சி

அமெரிக்க விதிப்படி வெனிலா எக்ஸ்ட்ராக்ட் என்று விற்க அதில் குறைந்தது 35 சதவீத ஆல்கஹால் இருக்க வேண்டும். ஒரு கிலோ கேக் மாவில் ஒரு டீஸ்பூன், அதாவது 5 மில்லி ஊற்றினால் ஆல்கஹால் 1.75 மில்லி, 0.2 சதவீதத்துக்கும் கீழே. கஃபே சிரப்புகளில் பலவற்றில் வாசனையைக் கரைக்க கிளிசரின் அல்லது புரோப்பிலீன் கிளைக்கால் பயன்படுகிறது. பாட்டிலைத் திருப்பிக் காட்டச் சொல்லிப் பின்புறம் படியுங்கள். கஃபேக்காரர்கள் இதற்குச் சலித்துக்கொள்வதில்லை.

வாசனைக்காகச் சேரும் ஆல்கஹால் பற்றி உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. மலேசியாவின் தேசிய ஃபத்வா கவுன்சில் 2011-இல், மது தயாரிப்பிலிருந்து வராத ஆல்கஹாலை வாசனைப் பொருளில் பயன்படுத்தலாம், முடிவான உணவில் 0.5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று வரம்பு வைத்தது. அதை ஏற்பவரும் உண்டு, முழுமையாகத் தவிர்ப்பவரும் உண்டு.

ரம்மும் ஒயினும் அந்தக் கணக்கில் வராது. அவை போதைக்கென்றே வடித்த மது; அளவு குறைவு என்பதால் ஆகுமானதாகிவிடாது. 'ஆவியாகிவிடும்' என்பதும் தவறு. அமெரிக்க வேளாண் துறையின் அட்டவணைப்படி, மது ஊற்றித் தீ மூட்டும் உணவில் 75 சதவீதம் ஆல்கஹால் தங்குகிறது. கலந்து அரை மணி நேரம் வெந்தால் 35 சதவீதம், இரண்டரை மணி நேரம் கொதித்தாலும் 5 சதவீதம் மிச்சம். சுட்டு எடுத்த பின் ரம் தெளிக்கும் கேக்கில் ஆவியாவதற்கு வழியே இல்லை.

கேள்வி: ஜெர்மனியில் 'அல்கோஹோல்ஃப்ரை' என்று எழுதிய பானம் குடிக்கலாமா?
– வாசகர், சென்னை

அங்கே 0.5 சதவீதம் வரை ஆல்கஹால் இருந்தாலும் அப்படி எழுதலாம். மதுவற்ற பீரும் ஒயினும் அந்த வகை, தவிர்த்துவிடுங்கள். ஆப்பிள் சாறும் சோடாவும் கலந்த 'அப்ஃபெல்ஷோர்லெ' எல்லா இடத்திலும் கிடைக்கும், நல்ல பானம். காபிப் பட்டியலில் 'ஃபரிஸேயர்' என்று இருந்தால் ரம் சேர்ந்தது, மேலே கிரீம் மூடியிருப்பதால் வாசனைகூட முதலில் தெரியாது. வியன்னா போனால் 'ஃபியாக்கர்' ரம் அல்லது செர்ரி மதுவோடும், 'மரியா தெரேஸியா' ஆரஞ்சு மதுவோடும் வரும். பிளாக் ஃபாரஸ்ட் கேக் நம் ஊரில் வெறும் செர்ரி கேக். ஜெர்மனியில் செர்ரி மது சேராவிட்டால் அந்தப் பெயரில் விற்கவே முடியாது. ரொட்டியில் தடவித் தருவது 'ஷ்மால்ட்ஸ்' என்றால் பெரும்பாலும் பன்றிக்கொழுப்பு.

கேள்வி: கொரியாவில் 'முஸ்லிம் ஃபிரெண்ட்லி' என்று பலகை இருந்தால் ஹலால்தானே?
– வாசகி, கொழும்பு

இல்லை. கொரியச் சுற்றுலா அமைப்பு உணவகங்களை நான்காகப் பிரித்தது: ஹலால் சான்று பெற்றவை, முஸ்லிம் உரிமையாளரே ஹலால் என்று உறுதி சொல்பவை, முஸ்லிம் ஃபிரெண்ட்லி, பன்றி இல்லாதவை. மூன்றாவது வகையில் சில ஹலால் உணவுகள் கிடைக்கும், மதுவும் விற்கலாம். நான்காவதில் பன்றி இல்லை என்பது மட்டுமே உறுதி. மாடும் கோழியும் நம் அறுப்பாக இருக்க வேண்டும் என்பதில்லை. முதல் இரண்டில் தயக்கமின்றிச் சாப்பிடலாம். மூன்றாவதில் எந்த உணவு ஹலால் என்று கேட்டு அதை மட்டும் எடுங்கள். நான்காவதில் மீன், முட்டை, காய்கறி என்று நில்லுங்கள். அவற்றிலும் சாஸில் மிரின், சமையல் மது சேர்ந்ததா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.